ஃபவுல் என்றால் ஃபவுல்

ஜூன் 8, ஞாயிறு

காலையில் தூறல். மேட்ச் தொடங்கும்போது நல்ல வெயில். ஜெயித்துவிட்டோம்!

விஜயநகர் லேஅவுட் கிளப்போடு உட்கார்ந்து ஆடும் த்ரோபால். இரண்டு அணியும் தரையில்தான். பந்தைப் பிடி, நெட்டுக்கு மேலே எறி. எறியும்போது பின்பக்கம் தரையை விட்டு எழுந்தால் ஃபவுல், பாயிண்ட் அடுத்தவர்களுக்கு. ஓடத் தெரிந்தவன், நடக்கவே முடியாதவன், எல்லோருக்கும் ஒரே தரை. அதனால்தான் இந்த ஆட்டத்தைப் பிடித்துக்கொண்டேன்.

நான் பயிற்சி கொடுக்கும் ஆறு பேரில் மூன்று பேருக்குத்தான் உடம்பில் குறை. மற்ற மூவர் வருண் மாதிரி காலேஜ் பிள்ளைகள். இன்று நட்சத்திரம் தீபா. பதினெட்டு வயது, கொள்ளேகால் பெண், வாக்கர் பிடித்து நடப்பவள். பிறக்கும்போதே மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் இடது கை மடங்கியே இருக்கும். வலது கை பீரங்கி. கடைசி பாயிண்ட் அவள் எறிந்ததுதான். ஜெயித்ததும் நந்தீஷ் எழுந்து குதித்து ஆடினான். டவுன் சிண்ட்ரோம் பிள்ளை, எதிரணி பாயிண்ட் எடுத்தாலும் கைதட்டுபவன். இன்று தட்டித் தட்டிக் கையே சிவந்துவிட்டது.

மேடையில் கன்னடத்தில் பேனர்: "விசேஷ சேதன மக்களு", மாற்றுத்திறன் குழந்தைகள். பதினெட்டு வயதுப் பெண்ணையும் இருபது வயதுப் பையனையும் "குழந்தைகள்" என்று போட்டிருக்கிறார்கள். பல்லைக் கடித்துக்கொண்டேன். ஏனென்றால் அடுத்த நிமிடம் கிளப் பிரசிடெண்ட் மைக்கில் சொன்னது: இனி சனிக்கிழமை காலைகளில் உள்ளரங்கம் உங்களுக்கு.

மரத் தரை! வழவழவென்று மரத் தரை! நம் சர்ச் முற்றத்து சிமெண்ட் எல்லோருடைய டிராக் பேண்டையும் பின்பக்கம் தேய்த்துக் கிழித்துவிட்டது. அம்மா பழைய ஜீன்ஸை வெட்டி ஒட்டுப்போட்டுத் தருகிறாள். தீபாவுக்குத் தோலே உரிந்து போன வாரம் டெட்டால் போட்டோம்.

மேட்ச்சுக்கு முன் நான் விட்ட பீலா: "சின்ன வயசுல ஐஸ்பாய் ஆட்டத்துல என்னை ஒருத்தனும் கண்டுபுடிச்சது கிடையாது. ஒரு கால் குட்டை, உயர ஷூ. ஓட முடியாது. ஆனா ஒளிஞ்சா ஒளிஞ்சதுதான்." இதைக் கேட்டுக் கேட்டு அவர்களுக்குக் காது புளித்துவிட்டது. வருண் எனக்கு முன்னாலேயே வாக்கியத்தை முடிக்கிறான். ஆனால் அது உண்மை. சின்னக் குட்டிகளை எல்லாம் "ஒப்புக்குச் சப்பாணி" என்று சேர்த்துக்கொள்வார்கள், ஆட்டத்தில் இருக்கலாம், அவுட் கணக்கில்லை. என்னை ஒருநாளும் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

போட்டோவில் தீபா சிரிக்கவில்லை. தலைவலி என்றாள். மெடலைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டாள்.

அம்மா எல்லோருக்கும் ஃபிளாஸ்கில் காபி கொண்டுவந்திருந்தாள். ரெஃப்ரிக்கும்.

ஜூன் 9, திங்கள்

மழை. ஸ்கேன் சென்டரில் கூட்டம். ரிசப்ஷனில் உட்கார்ந்து "தண்ணி குடிச்சீங்களா, யூரின் முட்டுதா" என்று கேட்டுக் கேட்டு வாய் வலி.

வாங்க: பந்துக்குக் காற்றடிக்கும் ஊசி. டெட்டால். அம்மாவுக்கு முட்டி வலித் தைலம்.

சாயங்காலம் ப்ராக்டிஸ் கிடையாது என்று சொல்லியும் தீபா வந்து சர்ச் முற்றத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, கடைசிப் பால்ல நான் எந்திரிச்சேனுங்க்கா."

"ரெஃப்ரி ஊதலியே."

"அதைத்தான் சொல்றேன். அதுக்கு முன்னாடியும் எந்திரிச்சேன். எனக்கு ஒருக்காகூட ஊதல. அவங்க எந்திரிச்சா மட்டும் ஊதுனாரு."

எல்லா மேட்ச்சிலும் ரெஃப்ரி சிலதைத் தவறவிடுவார், இதெல்லாம் சகஜம் என்றேன். சொல்லும்போதே என் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. மரத் தரை பேசியது.

"பாக்காம உட்டாரா, பாத்துட்டு உட்டாரா? அது எனக்குத் தெரியோணும்."

ஆட்டோ வரும்வரை இரண்டு பேரும் பந்தை உருட்டிக்கொண்டிருந்தோம்.

ஜூன் 11, புதன்

நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

மேட்ச்சை வருண் முழுதாக எடுத்திருந்தான். போனை ரெஃப்ரி நாற்காலிக்குப் பக்கத்தில் ஜன்னலில் சாய்த்து வைத்திருக்கிறான். இன்று அனுப்பினான். சாப்பிட்டுக்கொண்டே பார்த்தேன். தீபா எழுகிறாள், நன்றாகத் தெரிகிறது, பின்பக்கத்துக்கும் தரைக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிற மாதிரி எழுகிறாள். விசில் இல்லை. மறுபடியும். விசில் இல்லை. கடைசி பாயிண்டும் அப்படித்தான்.

முதலில் இருந்து சத்தம் வைத்துக் கேட்டேன். மேட்ச் தொடங்கும் முன், டம்ளரில் காபி ஊற்றும் சத்தம். பிறகு ஒரு குரல்: "பாப, மக்களு. ஸ்வல்ப நோட்கொள்ளி, மாஸ்டரே." பாவம் பிள்ளைங்க, கொஞ்சம் பார்த்துக்கோங்க. ரெஃப்ரி பசவராஜு மாஸ்டர், "ஆயித்தம்மா", ஆகட்டும்மா, என்கிறார்.

அந்தக் குரலை எனக்குத் தெரியாதா. அம்மா சமையலறையில்தான் இருந்தாள்.

"மாஸ்டர் கிட்ட நீதான் சொன்னியா?"

"ஆமா சொன்னேன். என்னடி தப்பு? அந்தப் பொண்ணு தரையில தேஞ்சு தேஞ்சு ஆடுறத பாத்தா எனக்கு வயிறு எரியுது. ஒரு கப்பு வாங்கிட்டுப் போவட்டுமே."

"அவ உன்ன கேட்டாளா?"

"நீ மட்டும் கேட்டியா? சின்ன வயசுல உனக்காகவும்தான் சொன்னேன். தெருப் பிள்ளைங்கள எல்லாம் கூப்புட்டு, கைல பிஸ்கட் குடுத்து, ரீனாவ கண்டுபுடிக்காதீங்கடா, அவளால ஓட முடியாது, அவ முன்னாடி ஒப்புக்குச் சப்பாணின்னு வாய்தவறிக்கூட சொல்லிடாதீங்கன்னு. நீ எவ்ளோ சந்தோஷமா வீட்டுக்கு வருவ! அது தப்பா?"

தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

தண்ணீர்த் தொட்டிக்குள். மாடிப்படிக்குக் கீழே. அரளிச் செடிக்குப் பின்னால் எறும்பு கடிக்கக் கடிக்க மூச்சை அடக்கிக்கொண்டு. அவர்கள் என்னைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். நான் உள்ளே சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர்கள் பாக்கெட்டில் என் அம்மாவின் பிஸ்கட்.

இத்தனை வருடம் எத்தனை பேரிடம் பீற்றிக்கொண்டேன். ஆத்திரத்தில் அழுதேன். அம்மா கதவுக்கு வெளியே நின்று, "சோறு ஆறுதுடி" என்றாள்.

ஆறட்டும்.

ஜூன் 12, வியாழன்

வெயில். அம்மாவோடு பேச்சு இல்லை. டிபன் பாக்ஸில் எலுமிச்சைச் சாதம், உருளை வறுவல். எனக்குப் பிடித்தது. சாப்பிட்டேன். பசியோடு என்ன கோபம்.

அம்மா நர்ஸாக இருந்தவள். நாள் முழுக்க ஊசி குத்தியவள். வலிக்கும் என்று தெரிந்தும் குத்தினால்தான் குணமாகும் என்று ஊரான் பிள்ளைகளிடம் தெரிந்தது. சொந்தப் பிள்ளையிடம் மட்டும் கை வரவில்லை. புரிகிறது. மன்னிப்பதாக இல்லை.

ஒன்று மட்டும் தெளிவு. தீபாவுக்கு இதை நான் மறைத்தால் நானும் ஒரு பிஸ்கட் கொடுத்தவள்தான்.

ஜூன் 14, சனி

சர்ச் முற்றம். ஆறு பேரையும் உட்காரவைத்து வீடியோவைப் போட்டேன். அம்மா குரலையும் போட்டேன். யார் குரல் என்றும் சொன்னேன்.

தீபா தலையை மட்டும் ஆட்டினாள். அவளுக்குக் கோபம் வரும் என்று பயந்திருந்தேன். "பாத்துட்டுத்தான் உட்டிருக்காரு. நல்லது. நான் ஒண்ணும் பைத்தியக்காரி இல்ல," என்றாள். அப்புறம் மெடலை எடுத்து நடுவில் வைத்தாள். "இது என்ற மெடல் இல்லீங்க. திருப்பிக் குடுத்துட்டு மறுக்கா ஆடோணும். விசிலோட."

வருண் கேட்டான், "உள்ளரங்கம் போயிருமே?"

"போவட்டும். எனக்குத்தானே தோலு உரியுது. நான் சொல்றேன், போவட்டும்."

நந்தீஷ் என்ன சொல்வான் என்றுதான் எனக்குக் கவலை. ஒரு வாரமாக மெடலைக் கழற்றாமல் தூங்குகிறான். குளிக்கும்போதும் கழுத்தில் என்று அவன் அப்பா சொன்னார். அவனிடமிருந்து பிடுங்க எனக்கு உரிமை இல்லை, நீ வைத்துக்கொள்ளலாம் என்றேன். அவன் கேட்டது ஒன்றுதான். "இன்னொந்து மேட்ச்சா?" இன்னொரு மேட்ச்சா? ஆமாம் என்றதும் கழற்றிவிட்டான். மேட்ச் என்றால் மெடலாவது மண்ணாவது.

பிறகு ப்ராக்டிஸ். நானே ரெஃப்ரி. தீபா எழும்போதெல்லாம் விசில். கைப்பலம் அதிகம், அந்த வேகமே அவளைத் தூக்கிவிடுகிறது. தோளை மட்டும் திருப்பி எறி, இடுப்பைத் தரையில் ஆணி அடித்து வை என்றேன். எரிச்சலில் பந்தை என் மேலேயே எறிந்தாள். அதற்கும் எழுந்தாள். அதற்கும் ஊதினேன்.

ஜூன் 16, திங்கள்

லீவு போட்டு விஜயநகர் போனோம். நான், தீபா, நந்தீஷ். பஸ்ஸில், திருப்பிக் கொடுக்க எடுத்துப்போன கோப்பையைப் பார்த்து கண்டக்டர், "கங்கிராட்ஸ்" என்றார். "வாபஸ்" என்றான் நந்தீஷ். கண்டக்டருக்குப் புரியவில்லை.

பிரசிடெண்ட் முகம் சுருங்கிவிட்டது. இதில் என்ன இருக்கிறது மேடம், நல்ல மனதோடு செய்தது, யாராவது ஜெயித்ததைத் திருப்பிக் கொடுப்பார்களா, மெம்பர்களுக்குத் தெரிந்தால் வருத்தப்படுவார்கள் என்று கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் மாறி மாறிச் சொன்னார். எல்லாவற்றையும் என்னிடமே சொன்னார். பக்கத்தில் வாக்கரோடு நிற்கும் தீபாவை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

"சார், அவ கிட்ட பேசுங்க. கப்பு ஜெயிச்சது அவ."

அப்போதுதான் பார்த்தார். தீபா சுத்தக் கன்னடத்தில் சொன்னாள்: ஆடினால் கணக்கில் ஆடுவோம், கணக்கில்லாத ஆட்டத்துக்கு எங்களைக் கூப்பிடாதீர்கள்.

உள்ளரங்கம்? கமிட்டியில் பேச வேண்டுமாம். அதாவது போச்சு.

நந்தீஷ் மெடலை அவர் கையில் வைத்து, விரல்களை மடக்கி மூடிவிட்டு, "கெத்ரெ வாபஸ் கொடி" என்றான். ஜெயித்தால் திருப்பிக் கொடுங்கள். பிரசிடெண்ட்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டார்.

திரும்பும் வழியில் மூன்று பேரும் சுர்முரி சாப்பிட்டோம். பொரியில் காரம் தூக்கல். ரொம்ப நாளைக்கப்புறம் மார்பு நிமிர்ந்து நடந்தேன். ஷூவின் உயரம் எல்லாம் ஞாபகமே வரவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

ஸ்கேன் சென்டருக்கே போன். லேஅவுட் அணியின் கேப்டன் சுமா மேடம், பேங்க் ஆபீஸர், ஐம்பது தாண்டியவர். எடுத்த எடுப்பில் சண்டை.

நாங்கள் விட்டுக்கொடுத்தோம் என்று சொல்கிறீர்களாமே? யார் விட்டுக்கொடுத்தது? என் முதுகு இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது. உள்ளங்கை வீங்கி இரண்டு நாள் கையெழுத்துப் போட முடியவில்லை. நிஜமாகவே தோற்றேன், தெரியுமா?

தெரியாது மேடம், மாஸ்டர் விசில் ஊதாமல் எப்படித் தெரியும் என்றேன்.

"ஹாகாத்ரெ ஆடோணா," என்றார். அப்படியானால் ஆடிவிடலாம். ஞாயிற்றுக்கிழமை. பிரசிடெண்ட்டிடம் தானே பேசிக்கொள்வாராம்.

இந்த அம்மாளை எனக்குப் பிடித்திருக்கிறது. தோற்கடிக்க வேண்டும்.

ஜூன் 19, வியாழன்

தூறல். பசவராஜு மாஸ்டரைப் பார்க்கப் போனேன். ஸ்கூல் கிரவுண்டில் பையன்களைக் குனியவைத்து, நிமிரவைத்துக்கொண்டிருந்தார். பாவம், சங்கடப்பட்டார். உங்கள் அம்மா கேட்டார், மனது வரவில்லை என்றார்.

"மனசு வேண்டாம் சார். விசில் போதும். கஷ்டமா இருந்தா சொல்லுங்க, வேற ஆள பாத்துக்கறேன்."

அது அவருக்குச் சுருக்கென்று தைத்தது. சட்டைப் பையிலிருந்து மஞ்சள் கார்டை எடுத்துக் காட்டினார். ஓரமெல்லாம் மழுங்கிப் போன கார்டு. தன் சர்வீஸில் எதிர்த்துப் பேசிய ஒருத்தனையும் விட்டதில்லையாம். நல்லது, அந்தக் கார்டையும் கொண்டுவாருங்கள் என்றேன்.

ஜூன் 21, சனி

கடைசி ப்ராக்டிஸ். தீபா பத்துக்கு ஏழு எட்டு முறை ஒழுங்காக உட்கார்ந்து எறிகிறாள். மீதியில் எழுகிறாள். போதாது. ஆனால் நேர்மையாகப் போதாது.

வீட்டுக்கு வந்தால் கட்டில் மேல் தீபாவின் டிராக் பேண்ட். பின்பக்கம் இரட்டை ஒட்டு, நான்கு ஓரமும் குறுக்கும் நெடுக்கும் தையல். அம்மா ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டே கேட்டாள்: "நாளைக்கு நான் வரலாமா?"

பத்து நாளில் முதல் பேச்சு.

"வா. மாஸ்டர் பக்கத்துல உக்காரக் கூடாது."

"காபி?"

"மேட்ச் முடிஞ்சப்புறம்."

சரி என்றாள். கொஞ்ச நேரம் தைத்தாள். பிறகு, தலை நிமிராமல், "தோத்துட்டா அந்தப் பொண்ணு தாங்குவாளாடி?" என்றாள்.

"நீ தாங்குவியா, அதச் சொல்லு."

நூலைக் கடித்து அறுத்தாள். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொன்னதைத் திருப்பி வாங்கவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

மேகமூட்டம். மழை இல்லை. அதே உள்ளரங்கம், பேனர் இல்லை. பிரசிடெண்ட் கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு. அம்மா ரெஃப்ரிக்கு நேர் எதிர்ப்பக்கம், மடியில் ஃபிளாஸ்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு.

முதல் விசில் நந்தீஷுக்கு. பந்தை நேரம் கடந்து கையில் வைத்திருந்தான். ஃபவுல். அவனே கைதட்டினான்.

அப்புறம் தீபாவுக்கு. விசில் சத்தம் அரங்கம் முழுக்க எதிரொலித்தது. யாரோ ஒரு பெண்மணி "அய்யோ" என்றார். தீபா திரும்பி என்னைப் பார்த்தாள். அந்த முகத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. சந்தோஷம்தான். ஃபவுல் கொடுத்ததற்குச் சந்தோஷப்பட்ட ஆட்டக்காரியை இன்றுதான் பார்க்கிறேன்.

அந்தச் சந்தோஷம் ரொம்ப நேரம் நிற்கவில்லை. ஏனென்றால் சமமாகப் போனது. நாம் ஒன்று, அவர்கள் ஒன்று. சுமா மேடம் தரையோடு தரையாகப் படுத்துப் படுத்துப் பந்தைப் பிடிக்கிறார், முகமெல்லாம் வேர்வை. வருண் நெட்டில் இடித்து ஒரு பாயிண்ட்டைத் தொலைத்தான், தீபா அவனைத் திட்டிய திட்டு சர்ச் பிள்ளைகள் கேட்கக் கூடாதது. 14க்கு 13, அவர்கள் முன்னால். பந்து தீபாவின் மடியில்.

எறிந்தாள். பீரங்கிதான். அந்தப் பக்கம் யாராலும் தொட முடியவில்லை. நந்தீஷ் கையைத் தூக்கிவிட்டான்.

விசில்.

மாஸ்டர் கை தீபாவைக் காட்டியது. ஃபவுல். 15க்கு 13. தோற்றோம்.

"எந்திரிக்கல!" தீபா தரையை ஓங்கி அறைந்தாள். "நான் எந்திரிக்கவே இல்ல! மாஸ்டர், கண்ணு காணல்வா நிமகே?" கண் தெரியவில்லையா உங்களுக்கு என்று. பிரசிடெண்ட் எழுந்து நின்றுவிட்டார், சமாதானம் செய்யப் போகிறார், பாவம் பாயிண்ட்டைக் கொடுத்துவிடலாம் என்று சொல்லப் போகிறார்.

அப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு குரல். தமிழில்.

"எந்திரிச்சடி! நான் பாத்தேன்!"

என் அம்மா. நின்றுகொண்டு, ஒரு கையில் ஃபிளாஸ்க், இன்னொரு கை தீபாவை நோக்கி நீட்டி. குரல் உடைந்திருந்தது, கண்ணில் தண்ணீர். ஆனால் கையை இறக்கவில்லை. "மாஸ்டர் சரியாத்தான் ஊதுனாரு!"

தீபா என் அம்மா பக்கம் திரும்பி, "பாட்டீ, நீங்க சும்மா இருங்க!" என்று கத்திவிட்டு, மறுபடியும் மாஸ்டரிடமே சண்டை பிடித்தாள். மாஸ்டர் நிதானமாகப் பாக்கெட்டில் கைவிட்டார். மஞ்சள் கார்டு. அவள் மூக்குக்கு நேராக.

தீபா திறந்த வாய் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள். கார்டைப் பார்த்தாள். மாஸ்டரைப் பார்த்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"அக்கா! போட்டோ! சீக்கிரம், அவரு உள்ள வெக்கறதுக்குள்ள!"

எடுத்தேன். மஞ்சள் கார்டு, பின்னால் அவள் முகம், முறைத்துக்கொண்டே சிரிக்கிறாள். போன மேட்ச் மெடல் போட்டோவில் வராத சிரிப்பு.

கோப்பை சுமா மேடத்துக்கு. நந்தீஷ் பிரசிடெண்ட்டிடம் போய்க் கையை நீட்டிப் பார்த்தான். நீ ஜெயிக்கவில்லையே என்றார் அவர். "ஹௌது" என்று ஒப்புக்கொண்டு, அவரோடு கை குலுக்கிவிட்டு வந்தான். சுமா மேடம் முதுகைப் பிடித்துக்கொண்டே சனிக்கிழமை வாருங்கள் என்றார், எங்களுக்கும் ப்ராக்டிஸ் வேண்டும், இந்தப் பெண் இடுப்பைத் தரையில் வைத்து எறியக் கற்றுக்கொண்டால் நாங்கள் தொலைந்தோம். கமிட்டி என்று இழுத்தார் பிரசிடெண்ட். கமிட்டியில் தானும் இருப்பதாகச் சொன்னார் மேடம்.

அம்மா காபி ஊற்றினாள். தீபாவுக்கு முதலில். தீபா வாங்கவில்லை. பிறகு வாங்கினாள். அம்மா என்னிடம் மட்டும் மெதுவாக, "கோவமா இருக்காளா?" என்றாள். நன்றாக இருக்கிறாள் என்றேன். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். மன்னித்துவிட்டேனா? முக்கால்வாசி.

ஆட்டோவில் வீடு வரைக்கும் தீபா அதையேதான் சொன்னாள்.

"சத்தியமா நான் எந்திரிக்கலீங்க்கா."

"எந்திரிச்ச."

"இல்லீங்க்கா!"

எழுந்தாள். வருணிடம் இன்றைய வீடியோவும் இருக்கிறது. நாளைக்கு எல்லோர் முன்னாலும் போட்டுக் காட்டப் போகிறேன்.